ஒத்திகை போதாத அரங்கேற்றம்: லைப்சிக், 1909 – ஒரு நிகழ்வு ஆய்வு

ஏன் இந்த நிகழ்வு

நான் இருபது வருஷமாக சர்ச் கொயரில் டெனர் பாடுகிறவன். ஒத்திகை பத்தாமல் மேடை ஏறி அசடு வழிந்த அனுபவம் எனக்கு நிறையவே உண்டு. அதனால்தானோ என்னவோ, எஸ்தோனிய இசையமைப்பாளர் ருடால்ஃப் டோபியாஸ் பற்றிப் படித்தபோது மற்றதெல்லாம் பின்னுக்குப் போய் ஒரே ஒரு மாலை மட்டும் மனதில் நின்றுவிட்டது. 1909 நவம்பரில் ஜெர்மனியின் லைப்சிக்கில் ஒரு தேவாலயத்தில் அவருடைய மிகப் பெரிய படைப்பான யோனா ஆரட்டோரியோ (நடிப்பில்லாமல் பாடகர்களும் வாத்தியங்களும் சேர்ந்து சொல்லும் பைபிள் கதை) அரங்கேறியது, சரியாக வரவில்லை, அதற்கப்புறம் அது முழுசாக ஒலிக்க கிட்டத்தட்ட 80 வருஷம் ஆனது. அந்த மாலைக்கு முன்னால் என்னென்ன முடிவுகள் எடுக்கப்பட்டன, அவற்றில் எது எதில் கொண்டுபோய் விட்டது என்பதை வரிசையாக எழுதி வைக்கிறேன். அன்று பாடியவர்கள், வாசித்தவர்கள், குறை சொன்னவர்கள் யாரையும் பெயர் சொல்லிக் குறிப்பிடப் போவதில்லை. அவர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதால் இங்கே எதுவும் தெளிவாகாது.

பின்னணி

டோபியாஸ் பிறந்தது 1873-ல், பால்டிக் கடலில் இருக்கும் ஹீயுமா தீவில், கேய்னா என்ற திருச்சபை வட்டாரத்தில். எஸ்தோனியா அப்போது ரஷ்யப் பேரரசுக்குள் இருந்தது. அப்பா ஒரு லுத்தரன் சபையில் 'கெஸ்தர்' என்ற பணியில் இருந்தார். நம்மூர் உபதேசியார், கோயிற்பிள்ளை, ஆர்கன் வாசிப்பவர் மூன்று பேரையும் ஒரே ஆளாக்கினால் என்ன வருமோ அதுதான் கெஸ்தர் என்று வைத்துக்கொள்ளலாம். ஆகவே வீட்டிலேயே இசை இருந்தது, பைபிளும் இருந்தது. பையன் பத்து வயதை எட்டுவதற்கு முன்பே சின்னச் சின்னதாக இசையமைக்க ஆரம்பித்துவிட்டான். 1885-ல் குடும்பம் தீவை விட்டுக் கிளம்பி குல்லமா என்ற ஊருக்குக் குடிபெயர்ந்தது. அந்த ஊர்ப் பெயர் கடைசியில் மறுபடி வரும்.

1893-ல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் கன்சர்வேட்டரியில், அதாவது இசைக் கல்லூரியில், சேர்ந்தார். ஆர்கனுக்கு ஹோமிலியஸ், இசையமைப்புக்கு ரிம்ஸ்கி-கோர்சகோவ். 1897-ல் இரண்டிலும் தேர்ச்சி பெற்று வெளியே வந்தார். இசையமைப்பை முறையாகப் படித்து முடித்த முதல் எஸ்தோனியர் என்று அவரைத்தான் சொல்கிறார்கள். படிக்கும்போதே, 1896-ல், ஜூலியஸ் சீசர் என்ற ஓவர்ச்சரை (ஆர்கெஸ்ட்ராவுக்கான முகப்பு இசை) எழுதியிருந்தார், எஸ்தோனியர் ஒருவர் சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவுக்கு எழுதிய முதல் படைப்பு அதுவே. அடுத்த வருஷம் ஒரு பியானோ கான்செர்ட்டோ (பியானோ முன்னால் நிற்க ஆர்கெஸ்ட்ரா கூட வாசிப்பது), அதுவும் அந்த நாட்டுக்கு முதலாவது. எதைத் தொட்டாலும் 'முதல்' என்று வருகிறது. கேட்க நன்றாக இருக்கும். நடைமுறையில் இதற்கு வேறு அர்த்தம்: அவருக்கு முன்னால் அந்த வழியில் போனவர் யாருமில்லை, அவர் எழுதியதை வாசிக்க ஊரில் ஆளும் இல்லை.

இந்த இடத்தில் அன்றைய எஸ்தோனியாவின் இசை நிலைமையைத் தெரிந்துகொள்ளாவிட்டால் பின்னால் நடந்தது எதுவும் புரியாது. பாடுவதில் அவர்கள் அப்போதே கில்லாடிகள். 1869-ல் தார்த்து நகரில் முதல் பாட்டுத் திருவிழா நடந்துவிட்டது, ஊருக்கு ஊர் பாடகர் குழு இருந்தது. ஆர்கெஸ்ட்ராதான் இல்லை. எஸ்தோனியர்களின் முதல் சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவை அலெக்ஸாந்தர் லேத்தே என்பவர் தார்த்துவில் தொடங்கியது 1900-ல்தான், அதிலும் பெரும்பாலும் ஆர்வத்தால் வந்து வாசித்தவர்கள். இன்றைய தலைநகரான தல்லினில் ஒழுங்கான கச்சேரி மண்டபம் வந்தது 1913-ல். குரல்கள் ஏராளம், வாத்தியங்கள் கொஞ்சம், பெரிய மண்டபம் கிடையாது. பீட்டர்ஸ்பர்க்கில் படித்துவிட்டு வந்த ஒருவர் இந்தச் சூழலில் என்ன செய்வார்?

தார்த்து, 1904 முதல் 1908 வரை

படிப்பு முடிந்ததும் சில வருஷம் பீட்டர்ஸ்பர்க்கிலேயே, எஸ்தோனியர்களின் யோவான் தேவாலயத்தில் ஆர்கன் வாசித்துக்கொண்டு குழுவையும் நடத்திக்கொண்டிருந்தார். 1904-ல் தார்த்துவுக்கு வந்தார். பாடம் சொல்லிக் கொடுத்தார், லேத்தேயோடு சேர்ந்து பெரிய ஆரட்டோரியோக்களை மேடையேற்றினார், இடையில் எழுதினார். நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இந்த எழுத்தைத்தான். பத்திரிகைகளுக்குக் கச்சேரி விமர்சனமும் இசைக் கட்டுரைகளும் தொடர்ந்து எழுதினார். எஸ்தோனிய மொழியில் இசை விமர்சனம் என்ற ஒன்றை உண்டாக்கிய சிலரில் அவரும் ஒருவர். நாட்டுப்பாடல்தான் நம் இசைக்கு வேர், ஆனால் அதிலேயே நின்றுவிடக் கூடாது, பாக், ஹேண்டல், பீத்தோவன் எழுப்பிய உயரத்துக்குக் கட்ட வேண்டும் என்பது அவர் நிலைப்பாடு.

அது தனி ஆளின் குரலும் இல்லை. 1905-ல் 'இளம் எஸ்தோனியா' என்ற இலக்கியக் குழு தன் முதல் தொகுப்பை வெளியிட்டது. "எஸ்தோனியர்களாக இருப்போம், ஐரோப்பியர்களாகவும் ஆவோம்" என்று கவிஞர் குஸ்தாவ் சூயிட்ஸ் அதில் எழுதினார். டோபியாஸும் அந்தக் குழுவோடு தொடர்பில் இருந்தவர்தான். கலேவிபோயெக் என்ற எஸ்தோனியர்களின் தேசிய காவியத்திலிருந்து ஒரு பகுதியை எடுத்து அவர் இசையமைத்ததும் இந்தக் காலத்தில்தான்.

அதாவது, லைப்சிக்கில் நடந்ததற்குக் காரணம் அவருக்கு விஷயம் தெரியாததுதான் என்று சொல்ல வழியே இல்லை. மற்றவர்களின் கச்சேரிகளைக் கேட்டு எங்கே ஓட்டை என்று எழுதியவர் அவர். பெரிய ஆரட்டோரியோவை ஓரளவு பழகிய குழுவைக் கொண்டு நிகழ்த்த எத்தனை நாள் பிடிக்கும் என்பதைக் கையால் செய்து பார்த்தவர். அப்படியும் நடந்தது என்பதால்தான் இது ஆராயத் தகுந்த நிகழ்வாகிறது.

கிளம்பும் முடிவு

1908 தொடக்கத்தில் நாட்டை விட்டுக் கிளம்பினார். பாரிஸ், அப்புறம் ஜெர்மனியில் சில ஊர்கள், அந்த வருஷக் கடைசிக்குள் லைப்சிக். ஏன் கிளம்பினார் என்பதற்கு மேலே சொன்னதே பெரும்பாலும் பதில். கையில் வளர்ந்துகொண்டிருந்த படைப்பு ஊரில் இருந்த எந்தக் குழுவாலும் தூக்க முடியாத அளவில் இருந்தது. லைப்சிக் ஏன் என்றால், லுத்தரன் இசைக்காரருக்கு அது ஒருவகையில் காசி மாதிரி. 1723-லிருந்து சாகும்வரை பாக் வேலை பார்த்த ஊர். மெண்டல்சோன் ஆர்கெஸ்ட்ரா நடத்திய ஊர். நல்ல பாடகர், நல்ல வாத்தியக்காரர், ஆர்கன் உள்ள தேவாலயங்கள், பதிப்பகங்கள் எல்லாம் ஒரே இடத்தில்.

முடிவு தப்பு என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனால் அதோடு கூடவே வந்த ஒரு இழப்பை அவர் கணக்கில் எடுத்தாரா என்பது சந்தேகம்தான். ஊரில் ஆர்கெஸ்ட்ரா மோசம், ஆனால் அவர் கூப்பிட்டால் வர ஆள் இருந்தது. லைப்சிக்கில் எல்லாம் பிரமாதம், ஆனால் அவர் யாரென்று யாருக்கும் தெரியாது. அந்த ஊர்க்காரர்களுக்கு அவர் ரஷ்யப் பேரரசின் ஏதோ மூலையிலிருந்து வந்த 36 வயது ஆள்.

படைப்பின் அளவு

'டெஸ் யோனா செண்டுங்', அதாவது யோனா அனுப்பப்பட்ட கதை. பழைய ஏற்பாட்டின் யோனாவைத் தெரியாதவர் குறைவு: நினிவேக்குப் போ என்று கடவுள் சொல்ல, எதிர்த்திசையில் கப்பலேறி ஓடி, புயலில் மாட்டி, மீன் வயிற்றில் மூன்று நாள் கிடந்து, கடைசியில் போய்ச் சேர்ந்து, அந்த ஊர் அழியாமல் பிழைத்துப் போனதற்காகக் கோபித்துக்கொண்டு ஆமணக்குச் செடி நிழலில் உட்கார்ந்தவர். டோபியாஸ் இந்தக் கதையை மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை. பைபிளின் வேறு பகுதிகளிலிருந்தும் வசனங்களைச் சேர்த்து, யோனாவின் மூன்று நாளை இயேசுவின் மூன்று நாளோடு இணைத்து, மனந்திரும்புதல் என்ற ஒரே சரட்டில் கோத்தார். வரிகள் ஜெர்மன் பைபிளிலிருந்து.

நிகழ்த்தத் தேவையானவை: ஐந்து தனிப்பாடகர்கள், பெரிய கலப்புப் பாடகர் குழு, சிறுவர் குழு, முழு ஆர்கெஸ்ட்ரா, ஆர்கன். முழுசாகப் பாடினால் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். குழுப் பகுதிகள் சும்மா இல்லை, பல குரல்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிவரும் வகை. அந்த மாதிரிப் பாட்டில் ஒரு பக்கத்து வரிசை அரை மாத்திரை தவறினால் அடுத்தவன் பிடியும் விட்டுப்போகும், எனக்குத் தெரியும், நான் விட்டிருக்கிறேன். பிரதானக் குழு ஒரு பக்கம், சிறுவர் குழு இன்னொரு பக்கம், ஆர்கன் மேலே மாடத்தில் என்று தேவாலயத்தில் ஆட்கள் பரந்து நிற்கும்போது ஒலி ஒன்றுக்கொன்று பிந்தி வருவது வேறு. இதையெல்லாம் சரிசெய்ய ஒரே மருந்து அந்த இடத்திலேயே திரும்பத் திரும்ப ஒத்திகை பார்ப்பதுதான்.

1909 நவம்பர்

அரங்கேற்றம் லைப்சிக்கின் ஆந்த்ரேயாஸ் தேவாலயத்தில் நடந்தது. டோபியாஸே நடத்தினார்.

நடந்ததைப் பற்றி மிகைப்படுத்தாமல் சொல்லக் கூடியது இவ்வளவுதான்: ஒத்திகை போதவில்லை, படைப்பு முழுசாகப் போகாமல் சுருக்கப்பட்டது, விளைவு தோல்வி. ஊர் கொண்டாடவில்லை, பதிப்பாளர் யாரும் வாசலில் வந்து நிற்கவில்லை, வேறு நகரங்களிலிருந்து அழைப்பும் வரவில்லை.

இங்கே எடுக்கப்பட்ட முடிவுகளைப் பிரித்துப் பார்க்கிறேன். முதலாவது, தானே நடத்துவது. ஆள் வைக்கப் பணம் வேண்டும் என்பது ஒருபுறம். எழுதியவனைவிட யாருக்கு அதன் உள் தெரியும் என்ற நம்பிக்கை மறுபுறம், இது என் ஊகம். ஆனால் எழுதியவருக்கு ஒரு ஆபத்து எப்போதும் உண்டு. அவர் காதில் படைப்பு ஏற்கெனவே சரியாக ஒலித்துக்கொண்டிருக்கும். எதிரே நிற்கிற குழு நிஜத்தில் எப்படி ஒலிக்கிறது என்பது அந்தச் சத்தத்தில் அமுங்கிப்போகும். வெளியாள் ஒருவர் நின்றிருந்தால் இரண்டாவது ஒத்திகையிலேயே "இது இந்த மாதம் ஆகாது" என்று சொல்லியிருப்பார்.

இரண்டாவது, முதல் தடவையே எல்லாவற்றையும் காட்ட நினைத்தது. லைப்சிக்கில் அவரை யாருக்கும் தெரியாது என்றேன். அப்படிப்பட்டவர் முதலில் ஒரு மோட்டெட்டையோ (குழு பாடும் சிறிய பக்திப் பாட்டு) இரண்டு குழுப் பகுதிகளையோ ஒரு நல்ல குழுவுக்குக் கொடுத்துப் பெயர் பண்ணிக்கொண்டு, அப்புறம் பெரியதைத் தூக்கியிருக்கலாம். சின்ன அளவில் அவர் எவ்வளவு கெட்டிக்காரர் என்பதற்கு அவருடைய மோட்டெட்டுகளே சாட்சி. "மான்கள் நீரோடைகளை வாஞ்சித்துக் கதறுவதுபோல" என்று தொடங்கும் 42-ம் சங்கீதத்துக்கு அவர் போட்ட இசையை எஸ்தோனியக் குழுக்கள் இன்றும் பாடுகின்றன. வாத்தியமே தேவைப்படாத சில நிமிஷப் பாட்டு அது.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியம்: தயாரில்லை என்று தெரிந்தும் தள்ளிப்போடாதது. சுருக்கி நிகழ்த்துவது நடுநிலையான சமரசம் மாதிரித் தெரியும். ஒருவகையில் ஒத்திவைப்பதைவிட அது மோசம். ஒத்திவைத்தால் படைப்பைப் பற்றி யாரிடமும் அபிப்பிராயம் உருவாகியிருக்காது. சுருக்கிப் பாடினால், பாதி தயாரான குழு பாடிய பாதிப் படைப்பை வைத்து முழுப் படைப்பும் எடைபோடப்படும். கேட்கிற ஆளுக்கு எது பாடகரின் தடுமாற்றம், எது எழுதியவரின் குறை என்று பிரித்துப் பார்க்க வழி ஏது? புதிய படைப்பு வேறு, முன்னே கேட்டிருந்தால்தானே ஒப்பிட முடியும்.

அவரைக் குறை சொல்வது எனக்கு சுலபம். தேதி குறித்தாயிற்று, இடம் சொல்லியாயிற்று, பாட ஆள் சேர்த்தாயிற்று, கையில் காசு கரைந்துகொண்டிருக்கிறது. கல்யாணத்துக்குப் பத்திரிகை அடித்தபிறகு தள்ளிப்போடுகிறவர் எத்தனை பேர்?

அதற்கடுத்த ஒன்பது வருஷம்

1910-ல் பெர்லினுக்குப் போனார். அங்கே ஜெர்மன் இசைப் பத்திரிகைக்குக் கட்டுரைகள் எழுதினார், 1912-லிருந்து ராயல் இசைக் கல்லூரியில் பாடம் நடத்தினார். கௌரவமான வேலை. எழுத்தாளராகவும் ஆசிரியராகவும் பெர்லின் அவரை ஏற்றுக்கொண்டது என்று சொல்லலாம். 1913-ல் தல்லினில் எஸ்தோனியா அரங்கமும் கச்சேரி மண்டபமும் திறந்தபோது ஊருக்கு வந்து போனார். அதுதான் கடைசி வருகை. அடுத்த வருஷம் முதல் உலகப் போர். ஜெர்மன் ராணுவத்தில் மொழிபெயர்ப்பாளராக இழுக்கப்பட்டு, 1916-ல் உடல்நிலை காரணமாக விடுவிக்கப்பட்டார். 1918 அக்டோபர் 29-ல் நுரையீரல் அழற்சியில் இறந்தார். வயது 45. அந்த வருஷம் பிப்ரவரியில்தான் எஸ்தோனியா சுதந்திரம் அறிவித்திருந்தது.

இந்த ஒன்பது வருஷத்தில் யோனா முழுசாக மேடை ஏறவில்லை. தான் எழுதிய பெரிய படைப்பை முழுசாக, ஒழுங்காக ஒருதரம்கூடக் கேட்காமலே போய்விட்டார். தோல்விக்கு ஒரு வருஷம் கழித்து பெர்லினில் நல்ல குழு ஒன்றைப் பிடித்து மறு அரங்கேற்றம் செய்திருக்கலாமே என்று கேட்கத் தோன்றும். ஒருமுறை கையைச் சுட்டுக்கொண்டபின் அதே அளவு ஆட்களை மறுபடி திரட்டுவது எவ்வளவு கஷ்டம் என்பதையும் நினைக்க வேண்டும். அப்புறம் போர் வந்து அந்தக் கேள்வியையே அடித்துக்கொண்டு போய்விட்டது.

தாள்கள்

இந்த நிகழ்வில் சரியாக நடந்த ஒரு விஷயம் இதுதான், ஆனால் கதை சொல்பவர்கள் பொதுவாக இதை இரண்டு வரியில் தாண்டிவிடுகிறார்கள். அவர் விட்டுப்போன கையெழுத்துப் பிரதிகள் தொலையவில்லை. 1924-ல் தல்லினில் இசை அருங்காட்சியகம் தொடங்கப்பட்டது, அதற்குத் தூண்டுதலே டோபியாஸின் தாள்களைக் காப்பாற்றும் முயற்சிதான். ஒரு நாட்டின் இசை ஆவணக் காப்பகம் ஒரு மனிதரின் பெட்டியிலிருந்து பிறந்தது என்று சொன்னால் ரொம்பத் தப்பாகாது.

தாள்கள் இருந்தன, ஆனால் பாட ஆள் இல்லை. 1940-க்குப் பிறகு சோவியத் ஆட்சி. இரண்டு மணி நேரம் பைபிள் வசனம் பாடுகிற படைப்புக்கு அந்த ஆட்சியில் அரசுக் கச்சேரி மண்டபம் கிடைக்காது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

1989

வர்தோ ருமெஸ்ஸன் ஒரு பியானோ கலைஞர், இசை ஆய்வாளர். கையெழுத்துப் பிரதிகளை வைத்துக்கொண்டு யோனாவை நிகழ்த்தத்தக்க வடிவத்துக்குக் கொண்டுவந்தவர் அவர். வருஷக்கணக்கான வேலை. இதில் கண்ணுக்குத் தெரியாத உழைப்பு எவ்வளவு என்று கொயரில் இருப்பவர்களுக்குத் தெரியும்: முழு ஸ்கோர் (எல்லாருடைய பகுதியும் சேர்ந்த இசைப் பிரதி) சரியாக இருந்தாலும் போதாது, ஒவ்வொரு வாத்தியத்துக்கும் ஒவ்வொரு குரலுக்கும் தனித்தாள் பிழையில்லாமல் எடுக்க வேண்டும். எடுத்த தாளில் ஒரு சுரம் தவறினாலும் ஒத்திகையில் அரை மணி நேரம் போய்விடும்.

1989 மே மாதம் தல்லினின் எஸ்தோனியா கச்சேரி மண்டபத்தில் யோனா முழுசாக ஒலித்தது. பேதர் லில்யே நடத்தினார். அது என்ன காலம் என்பதையும் சொல்லியாக வேண்டும். சோவியத் ஆட்சிக்கு எதிராக மக்கள் மைதானத்தில் கூடி இரவெல்லாம் பாடிக்கொண்டிருந்த 'பாடும் புரட்சி' உச்சத்தில் இருந்த காலம். மூன்று மாதம் கழித்து, ஆகஸ்ட் 23 அன்று, தல்லினிலிருந்து லிதுவேனியாவின் வில்னியுஸ் வரை சுமார் 600 கிலோமீட்டருக்கு மக்கள் சுதந்திரம் கேட்டுக் கைகோத்து நின்றார்கள். அந்தச் சமயத்தில், மனந்திரும்பினால் ஊர் பிழைக்கும் என்ற பாட்டைக் கேட்டவர்கள் அதை 1909-ன் லைப்சிக்காரர்கள் கேட்டது போலக் கேட்டிருக்க மாட்டார்கள். தாள்களோடு உட்கார்ந்திருந்த அதே ருமெஸ்ஸன் 1991 ஆகஸ்ட் 20-ல் அன்றைய நாடாளுமன்றமான உச்ச கவுன்சிலின் உறுப்பினராக எஸ்தோனியாவின் சுதந்திரத்துக்கு வாக்களித்தவர்களில் ஒருவர்.

அப்புறம் வரிசையாக நடந்தன. 1992-ல் டோபியாஸின் உடல் எச்சங்கள் பெர்லினிலிருந்து கொண்டுவரப்பட்டு குல்லமாவில் அடக்கம் செய்யப்பட்டன. 1994-ல் வந்த 50 குரோன் (எஸ்தோனியாவின் அப்போதைய நாணயம்) நோட்டில் அவர் முகம், பின்பக்கம் எஸ்தோனியா அரங்கம். 1995-ல் நீமே யார்வி நடத்தி முழுப் படைப்பும் ஒலித்தட்டாக வந்தது. இன்று எங்கிருந்தும் கேட்கலாம். நான் கேட்டேன், குறிப்பாக ஸாங்க்டுஸ் ('பரிசுத்தர்' என்று துதிக்கும் பாட்டு) பகுதியை நாலைந்து தடவை. இதைக் கேட்டபிறகு 1909-ல் விழுந்தது படைப்பு அல்ல, நிகழ்த்தல்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மறுபடி செய்தால் எதை மாற்றுவது

நடத்தும் வேலையை வேறு ஆளிடம் கொடுப்பேன். எழுதியவர் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து கேட்கட்டும். காசில்லாமல் தானே நடத்தித்தான் ஆக வேண்டும் என்றால், தேதியைத் தள்ளிவைக்கும் அதிகாரத்தை முன்கூட்டியே இன்னொருவருக்கு எழுதிக் கொடுத்துவிட வேண்டும். மேடை ஏறப்போகிறவர் கையில் அந்த முடிவு இருந்தால் அது எடுக்கப்படவே படாது.

தயாராகாத பகுதிகளை வெட்டி, மிச்சத்தை முழுப் படைப்பின் பெயரிலேயே பாடுவதை அனுமதிக்க மாட்டேன். தயாரான பகுதிகள் இவ்வளவுதான் என்றால் 'யோனாவிலிருந்து சில பகுதிகள்' என்று அழைப்பிலேயே போட்டுவிடலாம். அரங்கேற்றம் என்ற சொல் மிச்சமாகி இன்னொரு நாளுக்குக் காத்திருக்கும்.

ஊர்க் குழுக்களை விட்டிருக்க மாட்டேன். குழுப் பகுதிகளுக்கு மட்டும் எஸ்தோனிய மொழியில் வரிகள் எழுதி, பியானோவோ ஆர்கனோ துணைக்கு வைத்துக்கொண்டு, தார்த்துவின் பாடகர்களை வைத்துத் துண்டு துண்டாகப் பாட வைத்திருக்கலாம். ஆர்கெஸ்ட்ரா இல்லையே என்ற தடை அங்கே இல்லை. லைப்சிக் கைவிட்டாலும் பாட்டு நூறு பேர் வாயிலாவது இருந்திருக்கும்.

இப்போது எங்கள் கொயரில், புதுப் பாட்டு எதுவானாலும், மேடைக்கு மூன்று வாரம் முன்னால் குழுவில் இல்லாத ஒருவரை அழைத்து ஒரு முழு ஒத்திகையைக் கேட்க வைக்கிறோம். போன கிறிஸ்துமஸுக்கு வந்தவர் ஒரு பாட்டை எடுத்துவிடச் சொன்னார். எடுத்துவிட்டோம். ஈஸ்டருக்குப் பாடினோம்.